ஒலியளவு முதலில், இடம் பிறகு: ஒலிநாடகத் தடங்களைக் கலக்கும் முறை

ஒலிநாடகத்தைக் கலக்க உட்காரும் பலருடைய கை முதலில் போவது இடது வலது நகர்த்தியின் மேல்தான். அதை இழுத்த நொடியில் குரல் ஒரு பக்கம் போய் நிற்கிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்த சத்தங்கள் விலகிக்கொள்கின்றன. பாதி வேலை முடிந்தது போலத் தோன்றுகிறது. நான் அந்த நகர்த்தியைக் கடைசியில்தான் தொடுவேன். சத்தங்கள் விலகி நிற்பது ஹெட்போனுக்குள் மட்டும்தான். அதே நாடகத்தை ஒருவர் கைபேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டால் இடதும் வலதும் மறுபடி ஒன்றாகிவிடும். மழை மறுபடி வசனத்தின்மேல் விழும். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்பவர்கள் நிறையப் பேர். ஒரு காது கேளாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பாத்திரத்தின் வசனமே காணாமல் போய்விடக் கூடாது. அதனால் முதலில் ஒலியளவை மட்டும் வைத்து எல்லாவற்றையும் புரியும்படி செய்துவிடுகிறேன். அதன் பிறகுதான் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் இடம் தேடுகிறேன்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அறைக்குள் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே மழை. வலப்பக்கம் ஒரு கதவு. அதைத் திறந்துகொண்டு அப்பா உள்ளே வந்து அக்கா இருக்கும் பக்கம் நடக்கிறார். நடுநடுவே கதைசொல்லி பேசுகிறார். பின்னணியில் ஒரு புல்லாங்குழல், அதற்கும் அடியில் ஓடும் தாழ்ந்த சுருதி. ஒவ்வொன்றும் தனித்தனித் தடமாக இருக்க வேண்டும். ஆடாசிட்டி மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். அது இலவசம், 2000-ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, யாரும் உடனே இறக்கிப் பழகலாம். நான் குறிப்பிடும் பொத்தான்களும் பட்டியல்களும் 3 என்று தொடங்கும் பதிப்புகளில் உள்ளவை. வேறு மென்பொருளில் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

கலப்பதற்கு முன்

குரல்கள் மோனோவாக, அதாவது இடது வலது என்று பிரியாத ஒற்றை ஒலியாக, இருக்கட்டும். ஒரே ஒலிவாங்கியில் பேசிய குரல் ஸ்டீரியோத் தடமாக வந்திருந்தால், தடத்தின் பெயரை அழுத்தி வரும் பட்டியலில் ‘ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மோனோத் தடங்கள் கிடைக்கும். இரண்டிலும் ஒரே குரல் என்றால் ஒன்றை அழித்துவிடலாம். அக்கா இடது பக்கத்திலும் தம்பி வலது பக்கத்திலுமாக ஒரே கோப்பில் பதிவாகியிருந்தாலும் இதே கட்டளைதான். இருவரும் தனித்தனியே நடுவில் வந்து நிற்பார்கள். பட்டியலில் அதன் பக்கத்திலேயே ‘ஸ்பிளிட் ஸ்டீரியோ டிராக்’ என்று இன்னொன்று இருக்கிறது. அது தடங்களைப் பிரித்தாலும் இடது வலது ஓரங்களிலேயே விட்டுவைக்கும். நமக்கு அது வேண்டாம்.

தடங்களுக்குப் பெயர் வைத்துவிடுங்கள். பத்துத் தடங்கள் சேர்ந்த பிறகு எது மழை எது கதவு என்று தேடுவது வீண் அலைச்சல்.

அடுத்து, ஒருவர் பேசாதபோது அவருடைய ஒலிவாங்கி பிடித்திருக்கும் மூச்சு, நாற்காலிச் சத்தம், அறையின் இரைச்சல் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு இரைச்சல்கள் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். நான்கு சேர்ந்தால் 6. ஒவ்வொரு தடமும் தனியாகக் கேட்கையில் சுத்தமாக இருந்து, கூட்டிக் கேட்கும்போது மட்டும் ஏதோ இரைகிறது என்றால் காரணம் இதுதான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டரும் குரல்களுக்குப் போடுங்கள். மேசையில் கை பட்ட அதிர்வும் காற்று மோதிய தடதடப்பும் அதோடு பெரும்பாலும் போய்விடும்.

ஒலியளவு

எல்லாத் தடங்களின் பேன் நகர்த்தியும், அதாவது அந்த இடது வலது நகர்த்தியும், நடுவில் இருக்கட்டும். எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டு, கதைசொல்லியை மட்டும் திறங்கள். அவர் அழுத்திப் பேசும் சொற்கள் மீட்டரில் −9 டெசிபலைத் தொடும்படி வைக்கிறேன். இது சட்டம் இல்லை. மேலே இன்னும் பல தடங்கள் வந்து சேர இடம் வேண்டும், அவ்வளவுதான். தடத்தின் ஒலியளவு நகர்த்தியை இரண்டு முறை சொடுக்கினால் எண்ணைத் தட்டச்சு செய்யலாம். சிறு மாற்றங்களுக்குச் சுட்டியால் இழுப்பதைவிட அது நல்லது.

அக்காவைத் திறங்கள். பிறகு தம்பியை. இந்த இடத்தில் மீட்டரைப் பார்க்காதீர்கள். மெல்லிய குரலும் கனத்த குரலும் மீட்டரில் ஒரே உயரம் காட்டினாலும் காதுக்கு ஒரே அளவாக இராது. கண்ணை மூடிக்கொண்டு, மூவரும் மாறி மாறிப் பேசும் அரை நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். ஒருவர் பேசத் தொடங்கும்போது ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ கை நீள்கிறது என்றால், அந்தத் தடம்தான் சரியில்லை.

இனி மழை. பின்னணிச் சத்தங்களில் வசனத்தை அதிகம் கெடுப்பது இதுதான் என்பது என் எண்ணம். இசைக்காவது இடைவெளி உண்டு, மழைக்கு இல்லை. அது எல்லா அதிர்வெண்களிலும் விரவிக் கிடக்கும். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது; மழை அங்கேயும் நிரம்பி நிற்பதால் ‘படி’யா ‘பனி’யா என்று காது தடுமாறும். முழு மழையையும் குறைத்தால் மழையே இல்லாதது போலாகிவிடும். ஆகவே வேண்டிய அதிர்வெண்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் ‘ஃபில்டர் கர்வ்’ கொண்டு அந்தப் பகுதியை மட்டும் அகலமாக 4 டெசிபல் பள்ளமாக்குகிறேன். குரலைத் தொடுவதில்லை. அதற்கு மேல், காட்சி தொடங்கும்போது மழையைத் தாராளமாகக் கேட்க விட்டு, முதல் வசனம் வருவதற்குள் நான்கைந்து நொடிகளில் மெல்ல இறக்குகிறேன். மழை பெய்கிறது என்று ஒரு முறை மனதில் பதிந்துவிட்டால், பிறகு அது மிகத் தாழ்ந்திருந்தாலும் கேட்பவர் அதைப் பெய்துகொண்டே இருக்க வைப்பார்.

புல்லாங்குழலுக்குத் தனிக் கவனம் வேண்டும். தாழ்ந்த சுருதி குரலைவிட 15 டெசிபல் கீழே ஓடினால் யாருக்கும் தொந்தரவில்லை. அதே அளவில் குழலை வைத்தால் வசனம் மங்கும். மனிதக் குரலின் உயிரெழுத்துகள் வாழும் அதே உயரத்தில்தான் குழலும் பாடுகிறது. மெட்டு வேறு கவனத்தை இழுக்கிறது. அதனால் குழலை ஒலியளவால் சரிசெய்வதற்கு முன் நேரத்தால் சரிசெய்யுங்கள். குழல் துண்டை நகர்த்தி, மெட்டின் ஒரு வரி முடிந்த பிறகு வசனம் தொடங்கும்படி வையுங்கள். மெட்டின் அடுத்த வரி வசனத்தின் இடைவெளியில் விழட்டும். முக்கால்வாசிச் சிக்கல் இப்படியே தீர்ந்துவிடும்.

மீதிக்கு என்வலப் கருவி இருக்கிறது. எஃப்2 விசையை அழுத்தினால் தடத்தின்மேல் ஒரு கோடு தோன்றும். அதில் சொடுக்குமிடத்தில் ஒரு புள்ளி விழும். புள்ளியை இழுத்தால் அந்த இடத்தில் ஒலி இறங்கும். வசனத்தின் முதல் சொல்லுக்கு ஏறத்தாழ முக்கால் நொடி முன்னால் ஒரு புள்ளி, சொல் தொடங்கும் இடத்தில் இன்னொன்று. இரண்டாவதைத்தான் இறக்க வேண்டும். சொல் தொடங்கிய பிறகு இசை இறங்கினால் அந்த முதல் சொல் எவருக்கும் புரியாது. வசனம் முடிந்ததும் இசை ஏறுவதற்கு இரண்டு நொடியாவது கொடுங்கள். கடைசிச் சொல் கேட்பவரின் மனதில் நிற்க அந்த நேரம் வேண்டும்.

இதைத் தானாகச் செய்ய ‘ஆட்டோ டக்’ என்ற விளைவு உண்டு. இசைத் தடத்துக்கு நேர் கீழே குரல் தடத்தை வைத்து, இசையைத் தேர்ந்தெடுத்து இயக்க வேண்டும். அது முதலில் காட்டும் −12 டெசிபல் இறக்கம் என் காதுக்கு அதிகம்; ஏற்கெனவே தாழ்ந்த இசைக்கு −6 போதும். இடைவெளி எவ்வளவு நீண்டால் இசை ஏறலாம் என்பதற்கு அதில் 1 நொடி என்று இருக்கும். அப்படியே விட்டால் பேசுபவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் இசை எழுந்து எழுந்து விழும். அதை 3 நொடியாக்குங்கள். நீண்ட உரைக்கு இது உதவும். உணர்ச்சியோடு பேசும் காட்சிக்கு நான் புள்ளிகளைக் கையால்தான் வைப்பேன். எந்த மௌனம் இசைக்கு உரியது, எது மௌனமாகவே இருக்க வேண்டியது என்று எந்த விளைவும் தீர்மானிக்க முடியாது.

எல்லாம் திறந்த பிறகு ஒரு சோதனை. கணினியின் ஒலியைக் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைத்து, காட்சியை முழுவதும் ஓட விடுங்கள். வசனம்தான் கடைசி வரை காதில் நிற்க வேண்டும். மழையோ குழலோ வசனத்தைவிட முன்னால் தெரிந்தால் அது இன்னும் இறங்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தாழ்ந்த ஒலியில் நம் காது கனத்த அதிர்வெண்களைச் சரியாக உணராது. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். எனவே இந்தச் சோதனையில் அடிச்சுருதி மறைந்துபோனால் அதைக் கூட்ட வேண்டாம். இயல்பான ஒலியில் அது திரும்பி வந்துவிடும்.

மீட்டரின் ஓரம் சிவந்தால் உச்சிகள் 0 டெசிபலைத் தாண்டுகின்றன என்று பொருள். ஆடாசிட்டி உள்ளுக்குள் 32 பிட் மிதவை எண்களில் கணக்கிடுவதால் அப்போதைக்குச் சேதம் இல்லை. ஆனால் 16 பிட் கோப்பாக வெளியேற்றும்போது அந்த உச்சிகள் வெட்டுப்படும். எல்லாத் தடங்களையும் ஒரே அளவு, 3 அல்லது 4 டெசிபல், கீழே இறக்குங்கள். மேலே இருக்கும் பிளேபேக் நகர்த்தியைக் குறைப்பதில் பயனில்லை. அது உங்கள் காதுக்கு வரும் ஒலியை மட்டும் மாற்றும், கோப்பை மாற்றாது.

இடம்

மோனோவில் எல்லாம் புரிகிறது என்றான பிறகு இங்கே வாருங்கள். இப்போது பேனிங் எந்தச் சிக்கலையும் மறைக்க வேண்டியதில்லை. இடத்தைக் காட்டும் வேலையை மட்டும் அது செய்தால் போதும்.

ஒரு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை இரண்டு குறிப்புகளால் மூளை அறிகிறது. அருகிலுள்ள காதுக்குச் சத்தம் சற்று முன்னதாகச் சேரும். இந்த வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தூரத்துக் காதுக்குத் தலை மறைப்பதால், முக்கியமாக உயர்ந்த அதிர்வெண்களில், ஒலி குறைவாகச் சேரும். பேன் நகர்த்தி நேரத்தைத் தொடுவதில்லை. இரண்டு பக்கத்தின் அளவை மட்டும் மாற்றி அது இந்த உணர்வை உண்டாக்குகிறது. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் ஒலியை நிறுத்தும் இந்த வழியை ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் காப்புரிமை விண்ணப்பமாக எழுதினார். இன்று நாம் இழுக்கும் நகர்த்திக்கு அடிப்படை அங்கேதான்.

ஒலிபெருக்கியில் இடப்பக்கச் சத்தம் வலது காதுக்கும் கொஞ்சம் வந்து சேரும். ஹெட்போனில் வராது. முழுக்க இடது ஓரத்தில் வைத்த குரல் ஹெட்போனில் காதுக்குள் புகுந்து பேசுவது போலிருக்கும். உலகத்தில் எவரும் அப்படிப் பேசுவதில்லை. அதனால் குரல்களை 20, மிஞ்சினால் 30 சதவீதத்துக்கு மேல் நான் தள்ளுவதே இல்லை. அக்கா இடது 20, தம்பி வலது 20. இருவரும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறார்கள் என்று தெரிய இது தாராளம். கதைசொல்லி நடுவில். அவர் அறைக்குள் இல்லை, கேட்பவரோடு இருக்கிறார். அடிச்சுருதியும் நடுவில், கனத்த ஒலியின் திசையைக் காது எளிதில் கண்டுபிடிக்காது, நடுவில் வைத்தால் இரண்டு ஒலிபெருக்கிகளும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். கதவு வலது 60. கதவுச் சத்தத்தில் வசனம் இல்லை, ஒரு காதில் கேட்பவர் அதைக் கொஞ்சம் இழந்தாலும் கதை நிற்காது. மழை ஸ்டீரியோப் பதிவு என்றால் அப்படியே பரந்து கிடக்கட்டும். குழலுக்கு இடது 35 கொடுத்தேன். வலப்பக்கம் கதவும் காலடியும் வரப்போவதால் அந்தப் பக்கம் நெரிசல் வேண்டாம் என்று நினைத்தேன்.

பாத்திரங்களுக்கு இடம் கொடுத்துவிட்டால் காட்சி முடியும் வரை மாற்றாதீர்கள். அக்கா எழுந்து நடந்ததாக வசனமோ காலடியோ சொல்லாமல் அவர் வலப்பக்கம் பேசினால், கேட்பவர் கதையை விட்டுவிட்டு அறையைத் தேடத் தொடங்குவார்.

பேன் செய்த பிறகு ஒலியளவை மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். சில மென்பொருள்கள் நடுவில் வரும் தடத்தை 3 டெசிபல் குறைத்துச் சமன் செய்கின்றன. ஆடாசிட்டி அப்படிச் செய்வதில்லை. மோனோத் தடத்தை இடது பக்கம் தள்ளினால் இடது அப்படியே இருக்க, வலது மட்டும் குறையும். இடது 20 என்றால் வலது ஏறத்தாழ 2 டெசிபல் இறங்குகிறது; 50 என்றால் 6 டெசிபல். ஆக, எவ்வளவு ஓரம் போகிறதோ அவ்வளவு மொத்தச் சத்தம் குறைகிறது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு டெசிபல் திருப்பிக் கொடுத்தால் அனேகமாகச் சரியாகிவிடும். கதவுக்கு இரண்டு வரை தேவைப்படலாம்.

அப்பாவின் காலடி

நகரும் சத்தம்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆடாசிட்டியின் பேன் நகர்த்தி ஒரு தடம் முழுவதற்கும் ஒரே இடத்தைத்தான் தரும். நடையைக் காட்ட ஒரு வழி இருக்கிறது. காலடித் தடத்தைக் கண்ட்ரோல் டி விசையால் நகலெடுங்கள். ஒன்றை வலது 60-இலும் மற்றதை இடது 60-இலும் வையுங்கள். இரண்டிலும் என்வலப் கோட்டை எடுத்து, வலது தடம் முழு ஒலியில் தொடங்கிக் கடைசி அடியில் அடங்கும்படியும், இடது தடம் அடங்கிய நிலையில் தொடங்கிக் கடைசி அடியில் முழுதாகும்படியும் செய்யுங்கள். நடுவில் இரண்டும் பாதி உயரத்துக்குச் சற்று மேலே சந்திக்கட்டும். சரியாகப் பாதியில் சந்தித்தால் அறையின் நடுவே காலடி மெலிந்து, அவர் தள்ளிப் போனது போலிருக்கும்.

புள்ளிகளைக் காலடியின்மேல் வைக்காமல் இரண்டு அடிகளுக்கு நடுவிலுள்ள அமைதியில் வையுங்கள். கோடு படிப்படியாக இறங்கட்டும்: ஓர் அடி விழும்போது சமதளம், அடுத்த அடிக்கு முன் ஒரு சரிவு. ஒவ்வொரு அடியும் ஓரிடத்தில் ஊன்றி விழுவதாகக் கேட்கும். சாய்வாக ஒரே கோடு போட்டால் கால் வழுக்கிக்கொண்டே வருவது போலிருக்கும். இதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும். கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அப்பா பக்கவாட்டில் நகர்ந்தால் மட்டும் போதாது, கதவருகே அவர் தூரத்திலும் இருக்கிறார். தூரத்தைப் பேனிங்கால் சொல்ல முடியாது. முதல் இரண்டு அடிகளை 4 டெசிபல் தாழ்த்தி, அவற்றின் உயர்ந்த அதிர்வெண்களைக் கொஞ்சம் மழுக்கி, சிறிய அறைக்கான ரிவெர்ப், அதாவது சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி, சேர்த்தால் தூரம் வந்துவிடும். ரிவெர்ப் குறையக் குறைய அவர் அருகில் வருகிறார்.

ஒரு எச்சரிக்கை. குரலை அகலமாக்க, நகலெடுத்து ஒன்றைச் சில மில்லிநொடிகள் தாமதித்து இரண்டு ஓரங்களில் வைக்கும் உத்தியைப் பலர் பரிந்துரைப்பார்கள். ஹெட்போனில் அது கவர்ச்சியாகத்தான் இருக்கும். மோனோவாகும்போது இரண்டும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். 10 மில்லிநொடித் தாமதத்தில் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி பள்ளம் விழுந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும். வசனத்துக்கு இதைச் செய்யாதீர்கள்.

வெளியேற்றும் முன்

எல்லாத் தடங்களையும் தேர்ந்தெடுத்து ‘மிக்ஸ் அண்ட் ரெண்டர் டு நியூ டிராக்’ கொடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் அழுத்தினாலும் அதுவே. பழைய தடங்கள் அப்படியே இருக்க, கலவை மட்டும் புதிய தடமாக வரும். அதை நகலெடுத்து, நகலை ‘மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ’ செய்து, சோலோவில், அதாவது அந்த ஒரு தடத்தை மட்டும் ஒலிக்க விட்டு, கேளுங்கள். ஸ்டீரியோவில் இருந்த ஏதாவது சத்தம் இங்கே மறைந்தால், அதன் இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பதிவாகியிருக்கலாம். ஒரு பக்கத்தை ‘இன்வெர்ட்’ செய்தால் திரும்பி வரும்.

பிறகு ஸ்டீரியோக் கலவைக்கு, காதுக்குக் கேட்கும் மொத்தச் சத்தத்தை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவரும் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’. இணையத்தில் பேச்சு நிகழ்ச்சிகளுக்கு −16 எல்யூஎஃப்எஸ் (அந்தச் சத்தத்தை அளக்கும் அலகு) நல்ல அளவு. அதில் முதலில் காட்டும் −23 ஐரோப்பிய ஒலிபரப்புக்கான தரம். கைபேசியில் கேட்பவருக்கு அது சன்னமாக இருக்கும். இதனால் உச்சிகள் ஏறிவிடக்கூடும் என்பதால் −1.5 டெசிபலைத் தாண்டவிடாமல் உச்சிகளை அடக்கும் ஒரு லிமிட்டர் போட்டுவிடுங்கள். பாதுகாப்புக்கு ஒரு 24 பிட் வேவ் கோப்பு, அனுப்புவதற்கு 192 கிலோபிட் எம்பி3. கலவைத் தடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, தேர்ந்தெடுத்ததை மட்டும் வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் மூலத் தடங்களும் சேர்ந்து இரட்டிப்பாகும்.

கோப்பைக் கைபேசியில் போட்டு மூன்று விதமாகக் கேளுங்கள்: ஒலிபெருக்கியில், இடது இயர்போனில் மட்டும், வலதில் மட்டும். கையில் தாளை வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் எந்தச் சொல் நழுவியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கலவைத் தடத்தின்மேல் திருத்தம் செய்யாதீர்கள். அதை அழித்துவிட்டு, மூலத் தடத்தில் அந்த இடத்துக்குப் போய்ச் சரிசெய்து மறுபடி கலக்குங்கள்.